படகில்லாத கடல்

ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டிலிருந்து வடக்கே நடந்தால் ஒரு கடல், தெற்கே நடந்தால் இன்னொரு கடல். பள்ளிக்கூடப் புத்தகத்தில் முதலாவதற்குப் பாக் விரிகுடா என்றும் இரண்டாவதற்கு மன்னார் வளைகுடா என்றும் பெயர் இருக்கிறது. ஊரில் வடகடல், தென்கடல் என்றுதான் சொல்வார்கள், கொஞ்சம் வயதானவர்களாக இருந்தால் பெண்கடல், ஆண்கடல் என்பார்கள். வாடைக்காற்று வீசுகிற ஐப்பசி, கார்த்திகையில் வடகடல் கலங்கிப் புரள, தென்கடல் ஒன்றும் அறியாததுபோல் கிடக்கும். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பிடித்துக்கொண்டால் இது அப்படியே மாறும். பாம்பன் பாலத்துக்குக் கீழே ஓடுகிற நீரோட்டம்கூடப் பருவத்துக்கேற்பத் திசையை மாற்றிக்கொள்ளும். கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் நிறுத்தினாலும் எந்தக் கரையில் நிற்கிறேன் என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். வடகடல் சின்னச் சின்ன அலைகளாகக் கரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். தென்கடல் மூச்சை இழுத்து, சற்று நிறுத்தி, பிறகு விடும்.

இதையெல்லாம் நான் எழுதி வைக்க வேண்டும் என்று நினைத்தவனல்லன். கடலைக் கேட்பது எங்களுக்கு ஒரு வேலையாகவே தோன்றியதில்லை. அதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட ஓர் இசையமைப்பாளரை, உலகத்தின் மறுகோடியில் இருப்பவரை, சென்ற ஆண்டு நான் கண்டுகொண்டேன். அவரைப் பற்றியதுதான் இந்தப் பதிவு.

2025 மார்ச் 8 அன்று இளையராஜா லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றினார். அந்த வாரத்தில் நான் பதினோராம் வகுப்புக்கு அலைகள் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "சார், சிம்பொனின்னா என்ன சார்? ஆர்க்கெஸ்ட்ரான்னா நம்ம ஊருத் திருவிழாவுக்கு வருமே, அதுவா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது, எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் எனக்கும் பதில் தெரியாது. நான் இயற்பியல் ஆசிரியன். இசையோடு எனக்கிருந்த உறவெல்லாம் சிறுவயதில் மாதா கோயில் சப்பரத்துக்கு முன்னால் போன பேண்டு வாத்தியக் குழுவில் நான்கு வருடம் சைடு டிரம் அடித்ததோடு முடிந்துபோனது. "நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்து, இரவெல்லாம் செல்பேசியில் தேடினேன். பெரிய மேற்கத்திய இசைக்குழு ஒன்று சேர்ந்து வாசிப்பதற்காக எழுதப்படும் நீண்ட படைப்புதான் சிம்பொனி என்று தெரிந்தது. எங்கள் ஊர்க்காரன் எதைத் தேடினாலும் கடலில்தான் போய் நிற்பான் போலும். சிம்பொனி இசைக்குழுவுக்காகக் கடலைப் பற்றி எழுதப்பட்ட படைப்புகள் எவை என்று தேடப்போய், ஜான் லூதர் ஆடம்ஸ் என்ற பெயரும் 'பிகம் ஓஷன்' என்ற தலைப்பும் கிடைத்தன. தமிழில் 'கடலாகு' என்று சொல்லிக்கொள்ளலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஜான் ஆடம்ஸ் என்று வேறொரு புகழ்பெற்ற அமெரிக்க இசையமைப்பாளர் இருக்கிறார். 1947இல் பிறந்தவர், இசை நாடகங்களுக்குப் பெயர் பெற்றவர். இரண்டு பேரையும் ஒருவராக்கி நான் இரண்டு நாள் படித்துவிட்டேன். நான் சொல்பவர் நடுவில் லூதர் உள்ளவர்; 1953 ஜனவரியில் மிசிசிப்பி மாநிலத்தில் மெரிடியன் என்ற ஊரில் பிறந்தவர். தந்தை தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்ததால் ஊர் ஊராக மாறி வளர்ந்தார். பதின்வயதில் ராக் குழுக்களில் டிரம்ஸ் அடித்தார். அந்த வயதில் அவருக்குப் பிடித்திருந்த ராக் இசைக்கலைஞர் பிராங்க் சாப்பாவின் இசைத்தட்டு அட்டையில் எட்கர் வரீஸ் என்ற இசையமைப்பாளரின் வாசகம் ஒன்று அச்சாகியிருந்தது. யார் இந்த வரீஸ் என்று தேடிப் போனவர், அந்த இழையைப் பிடித்துக்கொண்டே ஜான் கேஜ், மார்ட்டன் ஃபெல்ட்மன் என்று நவீன இசையின் உள்ளறை வரைக்கும் போய்விட்டார். பிறகு கலிபோர்னியா கலைக் கல்லூரியில் ஜேம்ஸ் டென்னி போன்றோரிடம் பயின்று, 1973இல் பட்டம் பெற்று வெளியே வந்தார்.

டிரம் அடித்தவர் என்று படித்ததும் அவர்மேல் எனக்கு ஒட்டுதல் வந்துவிட்டது என்பதை ஒளிப்பானேன்? குழுவில் மெட்டு வாசிப்பவனுக்குத் தன் மெட்டுதான் கேட்கும். டிரம் அடிப்பவன்தான் பின்வரிசையில் நின்றுகொண்டு எல்லோரையும் கேட்டாக வேண்டும். அடிப்பதைவிட அடிக்காமல் எண்ணிக்கொண்டிருக்கும் நேரம் அவனுக்கு அதிகம். ஆடம்ஸ் பின்னாளில் 1982 முதல் 1993 வரை அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் சிம்பொனி இசைக்குழுவில் டிம்பனி என்கிற பெரிய கொப்பரை முரசுகளை வாசித்தார். பதினோரு வருடம் ஓர் இசைக்குழுவை அதன் முதுகுப்பக்கமிருந்து கேட்ட மனிதர் அவர். அவருடைய இசையில் அடிச்சத்தம் முதலில் எழுந்து, மற்றதெல்லாம் அதன்மேல் மெல்லப் படர்வதற்கு அந்த இருக்கைதான் காரணம் என்பது என் ஊகம்.

படிப்பு முடிந்ததும் ஜார்ஜியா மாநிலத்தின் கிராமப்புறத்தில் சில காலம் இருந்தார். அங்கே மரங்களுக்கு நடுவே கேட்ட ஒரு பூங்குருவி இனப் பறவையின் குரல் அவரை உலுக்கியது. பறவைக் குரல்களைக் களத்தில் நின்று காதால் கேட்டு எழுதி, சிறு புல்லாங்குழல்களுக்கும் தாளக் கருவிகளுக்குமாக ஒரு தொகுப்பை உருவாக்கத் தொடங்கினார். பயின்ற கல்லூரியைவிடப் பெரிய ஆசிரியர் வெளியே இருக்கிறார் என்பதை அவர் கண்டுகொண்டது அப்போதுதான் என்று தோன்றுகிறது.

1975இல் முதன்முறையாக அலாஸ்காவுக்குப் போனார். 1978இல் அங்கேயே குடியேறினார். போனது இசைக்காக மட்டுமன்று. அலாஸ்காவின் காடுகளையும் பனிவெளிகளையும் காப்பாற்றுவதற்கான சட்டத்துக்கு அமெரிக்காவில் பெரிய போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. பத்துக் கோடி ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்துக்குப் பாதுகாப்புத் தந்த அந்தச் சட்டம் 1980 டிசம்பரில் நிறைவேறியது. அந்தப் போராட்டத்தில் அவர் ஊழியம் செய்தார், ஒரு சுற்றுச்சூழல் அமைப்பின் நிர்வாகப் பொறுப்பையும் ஏற்றார். ஃபேர்பேங்க்ஸ் ஊருக்கு வெளியே ஊசியிலைக் காட்டுக்குள், குழாய்த் தண்ணீர் இல்லாத ஒரு மரக்குடிலில் ஏறத்தாழப் பத்து வருடம் வாழ்ந்தார். குளிர்காலத்தில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே நாற்பது பாகை வரை இறங்கக்கூடிய இடம் அது. எங்கள் பக்கத்து வெயிலில் உட்கார்ந்துகொண்டு அந்தக் குளிரைக் கற்பனை செய்ய நான் முயன்றதுண்டு. ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு மீன் எடுப்பதற்கு மேல் என் கற்பனை போகவில்லை.

பிறகு ஒரு கட்டத்தில் அமைப்பு வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் இசைக்கே வந்துவிட்டார். போராட்டத்தை நடத்த வேறு ஆட்கள் வருவார்கள், தனக்குள் இருக்கிற இசையைத் தன்னைத் தவிர வேறு யாரும் எழுத முடியாது என்பது அவர் கணக்கு. இசையும் உலகத்துக்கு அதே அளவு பயன்படும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையை நான் முழுதாக ஏற்கவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அலாஸ்காவில் அவர் செய்தவற்றில் என்னை அதிகம் கட்டிப்போட்டது இசைக்குழுவுக்கு எழுதியதன்று. ஃபேர்பேங்க்ஸ் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் 2006இல் திறக்கப்பட்ட ஓர் அறை அது. 'நீ கேட்கப் போகும் இடம்' என்று அதற்குப் பெயர். ஆர்க்டிக் கடற்கரையில் இன்யூப்பியாக் மக்கள் ஓர் இடத்தை அந்தப் பொருள் தரும் பெயரால் அழைக்கிறார்கள். ஒரு பெண் அங்கே போய் உட்கார்ந்து, பறவைகளும் பிறவும் பேசுவதைக் கேட்பாள் என்பது அவர்கள் கதை. அருங்காட்சியக அறையில் பாடகர் இல்லை, வாத்தியக்காரர் இல்லை, முன்பே பதிவு செய்த பாட்டும் இல்லை. சூரியன் எங்கே இருக்கிறது, நிலா எந்த நிலையில் இருக்கிறது, பூமிக்கடியில் எங்கே நடுக்கம் ஏற்படுகிறது, வடதுருவ ஒளி தோன்றும்போது பூமியின் காந்தப்புலம் எப்படி அசைகிறது என்ற அளவீடுகள் அந்தந்த நேரத்தில் கணினிக்கு வந்துசேர, அது அவற்றை ஒலியாகவும் ஒளியாகவும் மாற்றிக்கொண்டே இருக்கிறது. பூமி நடுங்கினால் அடிவயிற்றில் உணர்கிற முரசொலி. துருவ ஒளி எழுந்தால் மேலே மணிகள் சிலிர்ப்பது போன்ற ஓசை. நேற்றுக் கேட்டது இன்று கேட்காது.

இதைப் படித்த அன்று எனக்கு அப்பாவின் துடுப்பு நினைவுக்கு வந்தது. எனக்கு ஒன்பது, பத்து வயதிருக்கும். இரவில் வடகடலுக்கு என்னை வள்ளத்தில் கூட்டிப்போன சில தடவைகளில், ஓரிடத்துக்கு வந்ததும் அப்பா எல்லோரையும் சும்மா இருக்கச் சொல்லுவார். துடுப்பைத் தண்ணீருக்குள் செங்குத்தாக இறக்கி, கைப்பிடி முனையைக் காதோடு, காதென்றால் காதன்று, காதுக்குக் கீழே தாடை எலும்போடு ஒட்டி வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். கத்தாழை மீன் கூட்டமாக வந்தால் தவளை கத்துவதுபோலக் கத்தும். வயிற்றுக்குள் இருக்கிற காற்றுப்பையைத் தசைகளால் அதிரவைத்து அது எழுப்பும் ஓசை அது. ஒரு தடவை என் தாடையிலும் வைத்தார். மரத்துக்குள்ளிருந்து யாரோ குறட்டை விடுவது போல இருந்தது. துடுப்பை எடுத்ததும் சுத்தமாக ஒன்றுமில்லை, அலை வள்ளத்தில் மோதும் சத்தம் மட்டும்தான்.

பின்னாளில் பாடம் நடத்தும்போதுதான் காரணம் விளங்கியது. நீருக்குள் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் வேகத்தில், காற்றில் போவதைப்போல நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் போகிறது. ஆனால் நீர்ப்பரப்பைத் தாண்டி அது வெளியே வருவதில்லை. ஆயிரத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் காற்றுக்குள் நுழையும், மிச்சமெல்லாம் உள்ளேயே திரும்பிவிடும். மரத்துக்கும் எலும்புக்கும் அந்தத் தடை அவ்வளவு இல்லை. இந்தக் கணக்கு எதுவும் அப்பாவுக்குத் தெரியாது. அந்த இன்யூப்பியாக் பெண்ணின் கதையை மட்டும் அவரிடம் சொல்லியிருந்தால், அதில் அதிசயப்பட என்ன இருக்கிறது என்று கேட்டிருப்பார்.

இனி 'பிகம் ஓஷன்' பற்றி. சியாட்டில் சிம்பொனி இசைக்குழு கேட்டுக்கொண்டதன்பேரில் எழுதப்பட்டு, 2013 ஜூனில் லுடோவிக் மோர்லோ நடத்த அந்நகரில் அரங்கேறியது. 2014இல் புலிட்சர் பரிசும், 2015இல் கிராமி விருதும் கிடைத்தன. ஒலித்தட்டைக் கேட்டுவிட்டு டெய்லர் ஸ்விஃப்ட் அந்த இசைக்குழுவுக்கு 50,000 டாலர் அனுப்பினார் என்ற செய்தியைச் சொன்னபோதுதான் என் மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தலைப்பு, லூ ஹாரிசன் என்ற இசையமைப்பாளரின் இசையைப் பற்றி ஜான் கேஜ் எழுதிய கவிதையொன்றிலிருந்து வருகிறது. அந்த இசையைக் கேட்கும்போது நாம் கடலாகிவிடுகிறோம் என்பது அந்த வரியின் கருத்து. 2007இல் 'டார்க் வேவ்ஸ்' என்று ஏறத்தாழப் பன்னிரண்டு நிமிடப் படைப்பொன்றை ஆடம்ஸ் எழுதியிருந்தார். இதற்கு முன்னோட்டம் அதுதான்.

நாற்பத்திரண்டு நிமிடம். நடுவில் நிறுத்தம் கிடையாது, முணுமுணுக்க ஒரு மெட்டு கிடையாது. தொடக்கத்தில் செல்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்டதால் முதல் இரண்டு நிமிடம் எதுவுமே கேட்கவில்லை, கோப்பு கெட்டுப்போயிருக்கிறது என்று எண்ணி நிறுத்திவிட்டேன். மறுநாள் இயர்போன் போட்டுக் கேட்டபோதுதான் அடியில் பியானோவின் கனத்த சுரங்களும் முரசின் உருட்டலும் புகைபோல் கிளம்புவது தெரிந்தது. இசைக்குழு மூன்றாகப் பிரிக்கப்பட்டு மேடையில் தள்ளித் தள்ளி உட்காரவைக்கப்பட்டிருக்கிறது: வயலின் முதலான நரம்புக் கருவிகள் ஒரு கூட்டம், புல்லாங்குழல், கிளாரினெட் போன்றவை ஒரு கூட்டம், டிரம்பெட், ஹார்ன், டியூபா ஆகிய பித்தளைக் கருவிகள் ஒரு கூட்டம். ஒவ்வொரு கூட்டமும் தன்பாட்டுக்கு மெல்லப் பெருகி, உச்சிக்குப் போய், மெல்ல வடிகிறது. ஏறி இறங்குவதற்கு ஒவ்வொன்றும் எடுத்துக்கொள்ளும் காலம் வேறு. அதனால் ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கும், மூன்றாவது நடுவில் எங்கோ இருக்கும். முழுப் படைப்பிலும் மூன்றே தடவைதான் மூன்று கூட்டங்களும் ஒரே நேரத்தில் உச்சிக்கு வருகின்றன. அப்போது எழுகிற ஓசையை நான் விவரிக்கப் போவதில்லை. இயர்போனைக் கழற்றிவிட்டு வாசலுக்கு ஓடிப்போய் வானத்தைப் பார்த்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இதை வகுப்பில் எப்படிச் சொல்வது? மூன்று வரிசைப் பையன்களை எழுந்து நிற்கவைத்தேன். நான் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு வர, முதல் வரிசை ஒவ்வொரு மூன்றாவது எண்ணுக்கும், இரண்டாவது வரிசை நான்காவதுக்கும், மூன்றாவது வரிசை ஐந்தாவதுக்கும் கைதட்ட வேண்டும். பன்னிரண்டில் முதல் இரண்டு வரிசையும் சேர்ந்தன. பதினைந்தில் ஒன்றும் மூன்றும் சேர்ந்தன. இருபதைத் தாண்டியதும் நாலின் வரிசை உளறியது, மறுபடி தொடங்கினோம். மூன்றாவது முயற்சியில் நாற்பதைக் கடந்தபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களும் கூடவே எண்ணத் தொடங்கிவிட்டார்கள். அறுபதில் மூன்று வரிசையும் ஒன்றாகத் தட்டிய தட்டுக்குப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். மீச்சிறு பொது மடங்கை ஆறாம் வகுப்பிலேயே படித்தவர்கள்தான்; அது உடம்பில் ஏறி அவர்கள் பார்த்தது அன்றைக்குத்தான். தவில்காரர்கள் வெவ்வேறு நடையில் ஓடவிட்டுக் கடைசியில் சமத்தில் கொண்டுவந்து சேர்க்கிற கோர்வையும் இதே கணக்குதான் என்றேன். சேர்கிற இடத்தை நோக்கித் தவில் நம்மை இழுத்துக்கொண்டு ஓடும். ஆடம்ஸின் இசை எங்கும் இழுக்காது, அது பாட்டுக்கு நடக்க, சேர்கிற நேரம் வந்தால் சேரும்.

அவர் கடலைப் பற்றிப் பாடவில்லை. நுரை, முத்து, நிலவொளி என்று கடலுக்கு வழக்கமாகப் போடுகிற நகை எதையும் போடவில்லை. பெரிய அலையும் சின்ன அலையும் வேறு வேறு காலஅளவில் வந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறுவது என்ற கடலின் வேலைமுறையை எடுத்து, அதை நூறு மனிதர்களின் கையிலும் மூச்சிலும் ஓடவிட்டிருக்கிறார். முப்பது வருடம் ஓரிடத்தில் உட்கார்ந்து கேட்டவனுக்குத்தான் இது முடியும் என்று நினைக்கிறேன்.

இதை என் சித்தப்பாவுக்கும் போட்டுக் காட்டினேன். அறுபத்தெட்டு வயது, ஐம்பது வருடம் கடலுக்குப் போனவர். குந்துகால் கரையில் சாயங்காலம் வள்ளத்து நிழலில் உட்கார்ந்திருந்தவரின் காதில் இயர்போனை மாட்டிவிட்டேன். ஐந்து நிமிடத்தில் கழற்றிக் கொடுத்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். முதல் உச்சம் வந்து வடிந்த பிறகும் கேட்டார். பிறகு ஒன்றைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "இது கரைக்கடல் இல்ல வாத்தியாரே. ஆழக்கடல். கரையே தெரியாத எடத்துல ராத்திரி எஞ்சின அமத்திட்டா இப்படித்தான் இருக்கும்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மீதியையும் கேட்டுவிட்டு எழுந்து வேட்டியைத் தட்டும்போது, "எல்லாஞ் சரி, ஒரு போட்டக் கூடக் காணோமே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஒரு வாக்கியத்தை நான் மாதக்கணக்கில் மென்றுகொண்டிருக்கிறேன். ஆடம்ஸின் கடலில் படகு இல்லை, வலை இல்லை, மரிக்கொழுந்துப் பாசி எடுக்க மூச்சடக்கி முங்குகிற பெண்கள் இல்லை. மனிதன் அதில் இருக்கிறான் என்றால், கரைந்துபோகப் போகிறவனாகத்தான் இருக்கிறான். உயிர் முதலில் கடலிலிருந்து வந்தது, துருவப் பனி உருகிக் கடல்மட்டம் உயர உயர நாம் மறுபடியும் கடலாகிவிட நேரலாம் என்ற எண்ணத்தை அந்தப் படைப்புக்கு அவர் எழுதிய குறிப்பிலேயே காணலாம். யாருமற்ற பனிவெளியைத் தேடிப்போன மனிதருக்கு அப்படித்தான் தோன்றும். எங்களுக்குக் கடல் யாருமற்ற இடமன்று. அது கூலி வேலை நடக்கிற இடம். வழக்கும் வாய்த்தகராறும் உள்ள இடம். பக்கத்து நாட்டு எல்லை குறுக்கே ஓடுகிற இடம்.

இன்னொன்று. 'பிகம் ஓஷன்' சரிபாதிக்குப் போனதும் பின்னோக்கித் திரும்புகிறது. 'விகடகவி' என்ற சொல்லைப்போல, நம் பழைய மாலைமாற்றுப் பாட்டைப்போல, வந்த வழியே நடந்து தொடங்கிய இடத்தில் போய் அமிழ்கிறது. கட்டமைப்பு என்ற வகையில் இதைக் கண்டறிந்தபோது மகிழ்ந்தேன். ஆனால் உண்மைக் கடல் அப்படி வந்த கணக்கைத் திருப்பித் தருவதில்லை. மன்னார் வளைகுடாவில் தீவுகள் இருபத்தொன்று என்று பாடப்புத்தகம் சொல்கிறது. பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் எப்போதோ நீருக்குள் போய்விட்டன. பவளப்பாறையைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாகப் பல காலம் வெட்டி எடுத்ததால் தீவுகளுக்கு முன்னால் இருந்த அரண் போய்விட்டது, அரண் போனதும் மணல் போய்விட்டது. எங்கள் அப்பத்தா தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் 22 இரவுக்குப் பிறகு தன் ஊரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "அங்க" என்று கையைத் தூக்கிக் காட்டுவாரே தவிர, ஊர்ப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் ஊர் கடலானது, திரும்பி வரவில்லை. இசை திரும்பிப் போகலாம், அது இசையின் உரிமை. போராட்டத்தைவிட்டு இசைக்கு வந்தவரின் முடிவில் எனக்குள்ள தயக்கமும் இங்கேதான் இருக்கிறது. 1980இன் சட்டம் பத்துக் கோடி ஏக்கரைக் காத்தது. நாற்பத்திரண்டு நிமிட இசை எதைக் காத்தது என்று கேட்டால், நான் ஒரு வருடமாக ஒழுங்காகக் காது கொடுத்துக் கேட்கிறேன் என்பதைத்தான் சாட்சியாகக் கொடுக்க முடியும். அது சட்டமாகாது.

அவரும் அலாஸ்காவில் இருந்துவிடவில்லை. நாற்பது வருடத்துக்கு நெருக்கமாக வாழ்ந்த இடத்தை விட்டு 2014 வாக்கில் நியூயார்க் போனார். பிறகு பாலைவன நிலங்களைத் தேடிப் போனார். 'பிகம் டெசர்ட்' என்ற அடுத்த பெரிய படைப்பு 2018இல் அதே சியாட்டிலில் அரங்கேறியது. அதில் இசைக்குழு ஐந்தாகப் பிரிந்து கேட்பவர்களைச் சூழ்ந்துகொள்கிறது, பாடகர் குழு 'ஒளி' என்று பொருள்படும் ஒரே ஒரு ஸ்பானியச் சொல்லைப் பாடுகிறது. அழகாக இருக்கிறது, ஆனால் எனக்கு ஒட்டவில்லை. பாலைவனம் என் காதுக்குப் பழக்கமில்லை என்பதும் காரணமாக இருக்கலாம். 2009இல் எழுதிய 'இனுக்‌ஸுயிட்' வேறு விஷயம். ஒன்பது பேர் முதல் தொண்ணூற்றொன்பது பேர் வரை தாளக் கருவிக்காரர்கள் திறந்தவெளியில் பரந்து நின்று வாசிப்பது. கேட்பவர்கள் நடுவே நடந்துகொண்டே கேட்கலாம், பறவையும் காற்றும் சேர்ந்துகொள்ளும். தனுஷ்கோடிக்கு அப்பால் நிலம் முடிகிற அரிச்சல்முனையில் யாராவது இதை ஒருநாள் நடத்த வேண்டும் என்று எனக்கு ஆசை. சப்பரத்துக்கு முன்னால் அடித்த டிரம்மை நானும் தூசி தட்டி எடுத்து வருவேன்.

போன சனிக்கிழமை, பழுது பார்த்து இறக்கிய வள்ளத்தை ஓட்டிப் பார்க்கச் சித்தப்பா வடகடலில் கொஞ்ச தூரம் போனபோது நானும் போனேன். இருட்டிக்கொண்டு வந்தது. அப்பாவின் துடுப்பு இன்னும் அந்த வள்ளத்தில்தான் கிடக்கிறது. எஞ்சினை அமர்த்தச் சொல்லிவிட்டு, துடுப்பைச் செங்குத்தாக இறக்கித் தாடையில் ஒட்டி வைத்துக்கொண்டேன். முதலில் தாளித்த எண்ணெயில் கடுகு வெடிப்பது போலச் சடசடவென்று ஒரு சத்தம். கொடுக்கைச் சொடுக்கும் சிறு இறால்கள் எழுப்புவது அது. அதற்கு அடியில், வெகு தூரத்தில், ஒரே சீராக ஓர் உறுமல்.

"கத்தாழையா?" என்றார் சித்தப்பா.

"இல்ல சித்தப்பா. போட்டு." விசைப்படகுகள் போகிற நாள் அது.

துடுப்பை என்னிடமிருந்து வாங்கி அவரும் தாடையில் வைத்துக்கொண்டார். நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். சும்மா இருக்கும்படி கையைக் காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.